கிணற்றுக்கு இரு பக்கமும் இரண்டு குதிரைகள்

ரயிலடியில் நின்ற மூன்று ஜட்கா குதிரைகளின் வாயையும் ஒரே மாலையில் திறந்து பார்த்தவன் காரைக்காலிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதல் குதிரை என் சட்டைக் கையைக் கடித்துக் கிழித்தது. இரண்டாவது என் முகத்தில் தும்மியது. மூன்றாவதின் சொந்தக்காரர் அதன் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"ஏன் சார், பல்லு வெளக்கிவிடப் போறீங்களா? காலையில வந்திருக்கலாம்ல, இப்பதானே அது சாப்பிட்டு முடிச்சுச்சு?"

பக்கத்து வண்டிக்காரர் விடவில்லை. "நீ சும்மா இரு. சார் பொண்ணு பாக்க வந்திருக்காரு. பல்வரிசை புடிச்சிருந்தா நாளைக்கே தாம்பூலம்."

சிரிப்பு அடங்குவதற்குள் நான் நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். ஆண்: கோரைப்பல் உண்டு. ஆண்: உண்டு. பெட்டை: இல்லை. மூன்றுக்கு மூன்று. எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

விஷயம் இதுதான். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஒரு காலி இடம் இருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காரும். ஆண் குதிரைக்கு ஐந்து வயது ஆவதற்குள் அந்தக் காலி இடத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கோரைப்பற்கள் முளைத்துவிடும். பெட்டைக் குதிரைக்குப் பெரும்பாலும் முளைக்காது. திருச்சியில் கல்லூரியில் படித்தபோது நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் இதைப் பார்த்தேன். பார்த்த அன்று இரவு விடுதிச் சாப்பாட்டு மேஜையில் எல்லாரையும் பிடித்து வைத்துச் சொன்னேன். யோசித்துப் பாருங்கள். தோல் போய், சதை போய், ஓடின கால் மண்ணாகி, எலும்பு மட்டும் மிஞ்சிக் கிடக்கும்போதும், தாடையைக் கையில் எடுத்து "இது ஆண், இது பெட்டை" என்று சொல்லிவிடலாம். சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தவன் "சொல்லி என்ன பண்ணப் போறே?" என்று கேட்டான். அப்போது என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருஷம் கழித்துப் பதில் கிடைத்தபோது அவன் பக்கத்தில் இல்லாமல் போனான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோவில்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். அதே நேரத்தில், அதே பாதையில், மேரியில் வேலை பார்க்கும் குமாஸ்தா ஒருவரும் வருவார். நகராட்சி அலுவலகத்தை நாங்கள் இன்றைக்கும் மேரி என்றுதான் சொல்கிறோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் சைக்கிளில் நான் முந்தினால் விடமாட்டார். ஒரு நாள் அவர் டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து ஒரு பழைய பத்திரத்தை எடுத்தார்.

"வாத்தியாரே, நீங்க பிரெஞ்சு படிச்சவருதானே? இத கொஞ்சம் வாசிச்சு சொல்லுங்க. ஆபீசுல கேட்டா ஊரு பூரா பேசிடுவானுங்க."

நொத்தேர் எழுதிக் கொடுத்த பத்திரம் அது. அந்தக் காலத்தில் நிலம் கைமாறினால் நொத்தேரிடம் போய்ப் பிரெஞ்சில் எழுதி வாங்க வேண்டும். வரிச்சிக்குடி போகிற சாலையில் ஒரு தோட்டம் வைத்திருந்த துரை, ஊருக்குத் திரும்பிப் போகும்போது அந்தத் தோட்டத்தைத் தன் வேலைக்காரர்கள் இருவருக்கும் எழுதி வைத்திருந்தார். மேற்கே சாலையிலிருந்து, பெட்டைக் குதிரையைப் புதைத்த இடம் வரை, குதிரைக்காரருக்கு. அங்கிருந்து கிழக்கே வாய்க்கால் வரை, சமையற்காரருக்கு. என் சைக்கிள் நண்பர் சமையற்காரரின் மகன்.

"பெட்டைக் குதிரைய எங்க பொதைச்சாங்க?" என்று கேட்டேன்.

"அதாங்க கேள்வி. தொரைகிட்ட ரெண்டு குதிரை. ஒண்ணு ஆணு, ஒண்ணு பொட்டை. ரெண்டும் அந்தத் தோட்டத்துலதான் கெடக்கு. ரெண்டுக்கும் தலைமாட்டுல ஒரு பூவரசு வெச்சாங்க. ரெண்டு மரமும் நிக்குது. எந்த மரத்தடியில எதுன்னு சொல்ல வேண்டிய ஆளுங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க."

"நடுவுல என்ன இருக்கு?"

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "கெணறு."

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் கடலுக்குக் கிட்டே தோண்டினால் உப்புத்தான் வரும். பத்துக் கிணறு வெட்டினால் ஒன்றில் குடிக்கிற தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம். அந்தத் தோட்டத்துக் கிணறு அப்படிப்பட்ட ஒன்று. அதுவரை இரண்டு வீட்டாரும் அதில்தான் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இவர் தன் பங்கில் வீடு கட்டப் போகிறார். செங்கல் வந்து இறங்கிவிட்டது. வேலி போட வேண்டும். பெட்டைக் குதிரை சாலைப் பக்கத்துப் பூவரசின் கீழே இருந்தால் கிணறு இவருடையது. கிழக்குப் பூவரசின் கீழே இருந்தால் கிணறு குதிரைக்காரர் வீட்டுக்கு.

"ஒரு ஞாயித்துக்கெழமை காலையில சொல்லிடறேன்" என்றேன். டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அன்று மாலைதான் ஜட்கா குதிரைகளைப் பார்க்கப் போனது.

குதிரைக்காரர் வீட்டில் அப்போது இருந்தது அவருடைய மருமகள் மட்டும். என் வயதுதான் இருக்கும். புருஷன் கப்பல் வேலைக்குப் போய் வருஷம் ஒன்றாகியிருந்தது. சாலைக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்த துண்டு நிலத்தில் கீரையும் கத்தரியும் போட்டு, காலையில் கூடையில் கொண்டுபோய் விற்று, அந்தப் பெண் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். கீரைக்குத் தினம் இரண்டு வேளை தண்ணீர் வேண்டும். கிணறு போனால் பாத்தி போயிற்று. பாத்தி போனால் வேறு வழி அவளுக்கு இல்லை. இதை அவள் என்னிடம் புலம்பலாகச் சொல்லவில்லை. நான் போய் விஷயத்தைச் சொன்னபோது, இடுப்பில் குழந்தையோடு கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க அவங்க கூட்டாளின்னு சொல்றாங்க. எலும்பு யாருக்குக் கூட்டாளிங்க?"

"எலும்பு யாருக்கும் கூட்டாளி இல்லங்க. அது உள்ளதைச் சொல்லும்."

"அப்ப தோண்டுங்க" என்றாள்.

எதைப் பார்த்து முடிவு சொல்லப் போகிறேன் என்று இருவருக்கும் நான் சொல்லவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் யாராவது எதையாவது செய்துவிடலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. எல்லார் முன்னாலும் தாடையைத் தூக்கிப் பிடித்துச் சொல்லும் அந்த நிமிஷத்துக்காக ஏங்கிக் கிடந்தேன்.

ஞாயிறு காலையில் இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். செய்தி பரவி, வயலுக்குப் போகிறவர்களும் நின்றுவிட்டார்கள். சாலைப் பக்கத்துப் பூவரசில் தொடங்கினோம். இடுப்பளவு ஆழத்தில் விலா எலும்புகள் தட்டுப்பட்டன. அதற்குமேல் மண்வெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு நானே குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினேன். கருப்பட்டி நிறத்தில், என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளமாக, மண்டையோடு வெளியே வந்தது. அந்தக் கனம் என் கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு பெரிய தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒரு மிருகம் ஓடியதா என்று மலைத்துப் போனேன். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கல் பதித்த மாதிரி ஒரு வரிசை. அதற்கு முன்னால் அந்தக் காலி இடம். கீழ்த்தாடையை வெளிச்சத்தில் திருப்பினேன். இருந்தது! காலி இடத்தில், இரண்டு பக்கமும், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பல் எட்டிப் பார்த்தது.

கொஞ்சம் சிறிதாக இருக்கிறதே என்று மனசுக்குள் ஏதோ ஒன்று முனகியது. ஜட்கா குதிரைகளுக்கு என் சுண்டுவிரல் நுனி அளவு இருந்ததே? ஆனால் குழியைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். முனகலைக் கவனிக்க நேரமில்லை.

கிழக்குப் பூவரசுக்குப் போனோம். இந்த மண்டையோடு இன்னும் பெரியது. தாடை முழுக்கக் களிமண் அப்பியிருந்தது. மேலாகத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். மேலே வழவழ. கீழே வழவழ. ஒரு பல் இல்லை.

இரண்டு தாடைகளையும் கிணற்றுக் கட்டையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் குரல் தானாக வந்துவிட்டது.

"எல்லாரும் இந்த எடத்தப் பாருங்க. இதுதான் கோரைப்பல். ஆண் குதிரைக்குத்தான் இது இருக்கும். சாலைப் பக்கத்துக் குதிரைக்கு இருக்கு, அது ஆண். கெழக்குப் பக்கத்துக் குதிரைக்கு இல்ல, அது பொட்டை. அதனால பத்திரப்படி கெணறு குதிரைக்காரர் வீட்டுக்குச் சேர்ந்தது."

என் நண்பர் செங்கல் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தார். "நல்லாப் படிச்சீங்கய்யா" என்றார். "கெணத்துல தொங்குற ராட்டினம் எங்கப்பா காசு போட்டு வாங்கினது. கழட்டிக்கிட்டுப் போவணுமா, அதுக்கும் பல்லப் பாத்துச் சொல்லுவீங்களா?" ஆனாலும் மறுக்கவில்லை. எழுந்து வந்து, "எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார். தோற்றவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. அவரை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தாளை எடுத்தேன். பேனா மூடியைத் திறந்தேன்.

"சார், ஒரு நிமிசம்."

குதிரைக்காரரின் மருமகள் தாடைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷப்படுகிற முகமாகத் தெரியவில்லை. கணக்குப் போடுகிற முகம்.

"இந்தப் பல்லு ஆம்பளக் குதிரைக்குத்தான் வருமா?"

"ஆமாங்க."

"நாலு?"

"நாலு."

"செத்த பொறவு யாராவது புடுங்கிட்டா, எலும்புல தெரியுமா தெரியாதா?"

புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

அவள் இடுப்பிலிருந்த குழந்தையைக் கொஞ்சம் திருப்பினாள். எட்டு மாதக் குழந்தை. நான் முதல் முறை அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அது எதையோ ஈறால் கடித்துக்கொண்டே இருந்தது. அரைஞாணிலிருந்து நீளமாகத் தொங்கிய கயிற்றில் கோத்த, பழுப்பேறிய, வளைந்த ஒரு துண்டு. சங்கோ, மான்கொம்போ என்று நினைத்திருந்தேன். அதைக் குழந்தையின் வாயிலிருந்து எடுத்தாள். குழந்தை வீறிட்டது.

"எங்க மாமா மவுத்தாவுறதுக்கு முந்தி சொல்லுவாங்க. தொரையோட வெள்ளக் குதிர செத்தப்ப, பொதைக்கறதுக்கு முன்னாடி குறடால நாலு பல்லு எடுத்தாங்களாம். ஆம்பளக் குதிரப் பல்லு கட்டினா புள்ளைக்குக் கண்ணூறு அண்டாது, பயந்து அழுவாதும்பாங்க. வண்டி ஓட்டறவங்க வீட்டுல எல்லாம் அப்புடித்தான் கட்டுவாங்க. மூணு பல்ல கேட்டவங்களுக்குக் குடுத்துட்டாங்க. ஒண்ணு இவ வாப்பா கட்டியிருந்தாங்க, இப்ப இவ கட்டியிருக்கா." பல்லை என் பக்கம் நீட்டினாள். "பல்லு இங்க இருந்தா, அந்தக் குதிர வாயில எப்புடிங்க இருக்கும்?"

அழுத குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டது.

கிழக்குப் பக்கத்துத் தாடையை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினேன். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, காலி இடத்தில் வழவழவென்று இருந்த களிமண்ணைக் குத்தினேன். ஈர்க்கு உள்ளே இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. மண்ணைச் சுரண்டச் சுரண்ட, பின்பக்கமாக வளைந்து போகிற ஆழமான குழி ஒன்று. மறுபக்கம் இன்னொன்று. மண்டையோட்டை எடுத்துச் சுரண்டினால் மேல்தாடையிலும் இரண்டு. இத்தனை நேரம் நான் விரலால் தடவி "பல் இல்லை" என்று சொன்னது, பல் இருந்த இடத்தை அடைத்த மண்ணை.

அவள் கயிற்றை அவிழ்த்துப் பல்லை என் கையில் வைத்தாள். மேலே தெரியும் முனை கொஞ்சம்தான், வேர் அதைப்போல மூன்று மடங்கு நீளம். முதல் குழியில் வைத்தேன், முட்டியது. இரண்டாவதில் வைத்தேன், வளைவு ஒத்து வரவில்லை. மூன்றாவது குழியில், மேல்தாடையின் இடது பக்கத்தில், அது தன் வீட்டுக்குள் போகிறது மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன். விழவில்லை.

"ரப்பே" என்று இறைவனை அழைத்தாள் அவள், மெல்ல.

அப்போதுதான் அந்தத் துவரம்பருப்புப் பல் என்னைப் பார்த்துச் சிரித்தது. பெட்டைக் குதிரைக்குப் பெரும்பாலும் முளைக்காது என்றுதான் புத்தகம் சொல்லியிருந்தது. சில பெட்டைகளுக்குச் சின்னதாக, அதுவும் கீழ்த்தாடையில், முளைப்பது உண்டு. இதையும் படித்திருந்தேன். அவசரத்தில் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து வந்திருந்தேன். சாலைப் பக்கத்தில் கிடந்தது பெட்டை. கிழக்கே கிடந்தது துரையின் வெள்ளை ஆண் குதிரை. இரண்டையும் நான் தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன், முப்பது பேர் முன்னால், பாடம் எடுக்கும் குரலில்.

அதே முப்பது பேர் முன்னால் அதைத் திருப்பிச் சொன்னேன். குரல் சிறுத்துவிட்டது. "நான் சொன்னது தப்பு. பொட்டை சாலைப் பக்கம்தான். பத்திரப்படி கெணறு இவருக்கு."

என் நண்பர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தங்கச்சி, வாத்தியாரு எழுதற வரைக்கும் சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லண்ணே." அவள் தாடையிலிருந்து பல்லை மெதுவாக ஆட்டி உருவினாள். "தெனம் எறைக்கறப்ப இவ இடுப்புல இதுதானே ஆடிக்கிட்டு நிக்கும்? எனக்கு ஹக்கு உரிமை இல்லாத தண்ணிய எப்புடிண்ணே கீரைக்கு ஊத்துவேன்? வாங்கித் திங்கறவங்க வவுறு என்னாவுறது?"

சொல்லிவிட்டு, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் பல்லைக் கழுவி, முந்தானையில் துடைத்து, குழந்தையின் அரைஞாணில் கட்டினாள். குழந்தை அதை உடனே வாயில் வைத்துக்கொண்டது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பாத்திப் பக்கம் நடந்தாள். அன்றைக்குப் பறிக்க வேண்டிய கீரை பாக்கி இருந்தது.

நான் அதிகம் படித்தவன். நான்கு வருஷம் எலும்பும் தசையும் படித்தேன். அவள் அந்தக் கிணற்றடியில் செய்ததை எந்தப் பரிசோதனைச் சாலையிலும் நான் பார்த்ததில்லை. நான் சொன்ன விதியைக் கேட்டாள். அது தனக்குச் சாதகமாக இருந்தது. அப்படி இருந்தும் அதில் ஓட்டை எங்கே என்று தேடினாள். தேடிக் கண்டுபிடித்து, சாட்சியைத் தன் குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்தாள். எல்லாம் நான் பேனா மூடியைத் திறக்கிற நேரத்துக்குள். கெட்டிக்காரத்தனம் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவள் மனசுக்குள்ளேயே இருந்திருக்கும். நேர்மை மட்டும் இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. இரண்டும் ஒரே ஆளிடம், இடுப்பில் ஒரு குழந்தையோடு!

அடுத்த ஞாயிறு நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். முகம் காட்ட வெட்கம். ஆனாலும் சைக்கிள் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. வேலி போட்டாகிவிட்டது. வடக்கே இருந்து முள்ளும் மூங்கிலுமாக நேராக வந்த வேலி, பத்திரப்படி சாலைப் பக்கத்துப் பூவரசில் போகாமல், வளைந்து கிணற்றுக் கட்டையில் வந்து முட்டி நின்றது. கட்டையின் மறுபக்கத்திலிருந்து தெற்கே தொடர்ந்தது. கிணறு நடுவில், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இவர் பக்கம் அவருடைய அப்பா வாங்கின ராட்டினம். அவள் பக்கம் புதுசாக ஒன்று, கயிறுகூட இன்னும் அழுக்காகவில்லை.

நண்பர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. தானமெல்லாம் இல்ல. தானம்னா தங்கச்சி வாங்கிக்காது. புள்ளைக்குப் பல்லு மொளைக்கிற வரைக்கும் எறைச்சுக்கோ, பொறவு பேசிக்கலாம்னு சொல்லியிருக்கேன். கெணத்துக்குச் சொந்தக்காரன் நான்தான்னு ஒத்துக்கிட்டுத்தான் கயிறப் புடிச்சிருக்கு."

"என்ன சொன்னாங்க?"

"மொத நாளே ஒரு கட்டுக் கீரை கொண்டாந்து வெச்சிட்டுப் போச்சு. அதுக்கு வாடகையாம்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முளைக்கீரை. நல்லாத்தான் இருந்துச்சு."

பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பல்லைக் கேட்டுப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. தாடையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், பல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் எங்கள் பள்ளி அலமாரியில் இன்றைக்கும் ஓட்டையுள்ள தாடை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் அதைத்தான் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். மண் அப்பியபடியே கொடுப்பேன். ஆணா பெட்டையா என்று கேட்பேன். எல்லாரும் என்னைப் போலவே விரலால் தடவிவிட்டு "பொட்டை சார்!" என்று கத்துவார்கள். போன வருஷம் மட்டும் ஒரு பெண், கத்தாமல், ஒரு ஈர்க்கு கிடைக்குமா என்று கேட்டாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்றரை வயது ஆகிறது. போன வாரம் கிணற்றடியில் பிடித்து உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினேன். என் விரலைக் கடித்துவிட்டது. இருபது பல், கோரைப்பல் நாலும் சேர்த்து. பெண் குழந்தைதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற என் நண்பரிடம், "எல்லாம் மொளைச்சிடிச்சு" என்று சொன்னேன்.

அவர் இறைத்துக்கொண்டிருந்த கயிற்றை விடாமல், "விழாத கடைவாய்ப் பல்லு?" என்றார். "அதெல்லாம் ஆறு வயசுலதான் வரும், எனக்கும் தெரியும். போய் உங்க குதிரையப் பாருங்க."